கரண்ட் வந்தும் கல்லா திறக்காத கடை

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பெரிய மளிகைக் கடை. மசாலா, பருப்பு, அரிசி, பூஜைச் சாமான், பின்பக்கம் ஃப்ரீசரில் மீனும் கறியும். அங்கே கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். 2023 தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு மிக மோசமாக இருந்த ஆண்டு. லோட் ஷெட்டிங், அதாவது பகுதி பகுதியாக முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது, என்ற சொல் அப்போது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அந்த ஆண்டு புரட்டாசியில், கரண்ட் திரும்பி வந்த பிறகும் கடையின் பில் கல்லாக்கள் டேட்டாபேஸ் சர்வரோடு இணைய மாட்டேன் என்று அடம்பிடித்தன. சில நாள் பத்து நிமிடம், சில நாள் ஒன்றே முக்கால் மணி நேரம். சில நாள் ஒன்றுமே ஆகாது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதில் ஒரு வாரம் முழுக்க என் தப்பு.

இங்கே பல தமிழ்க் குடும்பங்கள் புரட்டாசி மாதம் முழுக்க அசைவத்தைத் தொட மாட்டார்கள். அதனால் பருப்பும் காய்கறியும் சுகர் பீன்ஸ் என்ற காய்ந்த பீன்ஸும் பறக்கும். வெள்ளி, சனி மாலை என்றால் கல்லா வரிசை வாசல் வரை நிற்கும். அந்த நேரத்தில் கல்லா திறக்கவில்லை என்றால் முதலாளியின் முகத்தைப் பார்க்க முடியாது.

அமைப்பு

முன்னால் 12 கல்லா, எல்லாம் விண்டோஸ் 10. பின் அறையில் ஒரு சிறிய லினக்ஸ் சர்வர், அதில் போஸ்ட்கிரெஸ் 13 என்ற டேட்டாபேஸ் மென்பொருள். சர்வருக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்கும் இன்வெர்ட்டர் உண்டு. நாலைந்து மணி நேரம் தாங்கும். கல்லாக்களுக்குக் கிடையாது. கரண்ட் போனதும் அவை அந்த நொடியே அணைந்துவிடும், சர்வர் மட்டும் நிற்கும். கடை எமர்ஜென்சி விளக்கில் கையால் பில் எழுதி ஓடும். எங்கள் பகுதியில் ஒரு தவணை மின்வெட்டு 2 மணி நேரம். சொன்ன நேரத்துக்கே திரும்பி வரும் நாளும் உண்டு, கால் மணி அரை மணி தள்ளிப் போகும் நாளும் உண்டு. இரண்டு தவணை ஒட்டி வந்தால் 4 மணி நேரம்.

பில் மென்பொருள் ஒவ்வொரு கல்லாவிலிருந்தும் டேட்டாபேஸுக்கு 6 இணைப்புகளைத் திறந்து கையில் வைத்துக்கொள்ளும். உயிரோடு இருக்கின்றனவா என்று நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கேள்வி அனுப்பிப் பார்க்கும். அலுவலக அறையில் இன்னொரு 3 இணைப்பு. ஆக 75. போஸ்ட்கிரெஸின் இயல்பான உச்ச வரம்பு 100, அதில் 3 நிர்வாகிக்கு ஒதுக்கியது. 97க்கு 75 என்றால் தாராளம்தானே என்று நானும் நினைத்தேன்.

முதல் அழைப்பு

ஒரு சனிக்கிழமை மாலை 4 மணிக்குக் கரண்ட் போய் 6 மணிக்கு வந்தது. கல்லாக்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. முதலில் ஆன் செய்த மூன்று கல்லா ஒழுங்காகத் திறந்தது. நாலாவது திறந்தது, ஆனால் பாதி பட்டன் வேலை செய்யவில்லை. மற்ற எட்டிலும் ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்ற ஒரே செய்தி. கவுண்டரில் இருந்த ஒரு பையன் பொறுமையிழந்து எல்லாக் கல்லாவையும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துத் திரும்ப ஆன் செய்தான். நல்லா இருந்த மூன்றும் சேர்ந்து போயிற்று.

நான் காரை எடுத்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் 6:11க்கு எல்லாம் தானே சரியாகிவிட்டது.

கல்லாப் பகுதியின் பொறுப்பு ஒரு அக்காவிடம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பாட்டி பேசிப் பழகிய தமிழ். “தம்பி, இது எப்பவும் இப்படித்தான். ஒரு டீ குடிச்சா வந்துடும். மூணாம் நம்பர் கல்லாவ மொதல்ல போடணும், அது ராசி” என்றார். மூணாம் நம்பருக்கு ஒரு ராசியும் இல்லை, எதை முதலில் போட்டாலும் முதல் மூன்று திறக்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது. கடையில் பாதி பேர் அந்த வரிசையை மந்திரம் மாதிரி கடைப்பிடித்து வந்தார்கள்.

நான் செய்த தப்பு

மறுநாள் சர்வரின் லாகை, அது நடப்பதையெல்லாம் நேரத்தோடு எழுதி வைக்கும் பதிவை, திறந்தேன். 16:02லிருந்து 16:11 வரை ‘ரிமெய்னிங் கனெக்‌ஷன் ஸ்லாட்ஸ் ஆர் ரிசர்வ்ட்’ (மிச்ச இடம் நிர்வாகிக்கு ஒதுக்கியது) என்று நூற்றுக்கணக்கான வரிகள். 16:11ஐ ஒட்டிக் கொத்தாக 72 வரிகள்: கிளையன்ட்டிடமிருந்து தகவல் வரவில்லை, கனெக்‌ஷன் டைம்ட் அவுட். அதற்குப் பிறகு அமைதி. 18:00லிருந்து 18:11 வரை ஒரு பிழைகூட இல்லை.

4 மணிக்குக் கரண்ட் போயிற்று. 4:11க்கெல்லாம் சர்வர், செத்துப்போன 72 இணைப்புகளையும் கண்டுபிடித்துத் துடைத்துவிட்டது. கரண்ட் போகும் அந்த அமளியில் கொஞ்சம் கூச்சல், அவ்வளவுதான். மாலை 6 மணிக் கோளாறு சர்வர் லாகில் இல்லவே இல்லை, அப்படியானால் கல்லாவின் குரல் சர்வர் வரை எட்டவில்லை. நெட்வொர்க்கில்தான் கோளாறு. இப்படி முடிவுகட்டினேன்.

கேபிளைச் சோதித்தேன், சுவிட்சை மாற்றினேன், ஃபயர்வால் விதிகளை வரி வரியாகப் படித்தேன். ஒரு வாரம். புது சுவிட்சுக்குக் காசு கொடுத்த முதலாளியிடம் இன்னும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

தென்னாப்பிரிக்க நேரம் உலகப் பொது நேரத்துக்கு 2 மணி நேரம் முன்னால். சர்வரின் லாக் பொது நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தது. நான் மாலை 4:11 என்று படித்தது நிஜத்தில் மாலை 6:11. இதை அன்றே கண்டுபிடித்திருக்க வேண்டும். கரண்ட் இல்லாமல் அணைந்து கிடக்கும் கல்லா எப்படி 4:02க்கு சர்வரிடம் இடம் கேட்கும்? அந்தக் கேள்வி என் மண்டையில் உதிக்கவே இல்லை. மின்வெட்டும் 2 மணி நேரம், நேர வித்தியாசமும் 2 மணி நேரம் என்பதால் பொய்க் கணக்கு அச்சாக மெய்க் கணக்கு மாதிரி உட்கார்ந்துகொண்டது.

ஃப்ரீசர் நோட்டு

இரண்டாவது வாரம் ஒரு புதன்கிழமை, லோட் ஷெட்டிங் இல்லாமலே, எங்கோ கேபிள் பழுதாகி 25 நிமிடம் கரண்ட் போயிற்று. அன்று கல்லா திறக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. 2 மணி நேர வெட்டுக்குப் பத்து நிமிடத் தொல்லை, 25 நிமிட வெட்டுக்கு ஒன்றே முக்கால் மணி நேரத் தொல்லையா? அக்காவிடம் கேட்டேன்: “நீங்க சரியா நேரம் பாத்தீங்களா, அக்கா?”

அவர் ஃப்ரீசர் பக்கத்தில் கயிற்றில் தொங்கிய ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தார். கறி கெட்டுப் போகாமல் இருக்க, கரண்ட் போன நேரமும் வந்த நேரமும் அதில் எழுதுவார்கள். மூன்றாவதாக ஒரு கோடு போட்டு, ‘கம்ப்யூட்டர்’ என்று தலைப்பிட்டு, கல்லா திறந்த நேரத்தையும் அவரே எழுதி வைத்திருந்தார். யாரும் கேட்டு எழுதியதில்லை. முதலாளி வந்து கத்தினால் காட்டுவதற்காம்.

போனது 4:00, வந்தது 6:01, கம்ப்யூட்டர் 6:11. போனது 10:00, வந்தது 12:04, கம்ப்யூட்டர் 12:11. போனது 2:40, வந்தது 3:05, கம்ப்யூட்டர் 4:51. போனது 6:00, வந்தது 8:25, கம்ப்யூட்டர் ‘உடனே’. போனது 12:00, வந்தது 4:10, ‘உடனே’.

கரண்ட் வந்த நேரத்திலிருந்து கணக்குப் போட்டால் 10 நிமிடம், 7 நிமிடம், 106 நிமிடம். தலையும் இல்லை வாலும் இல்லை. கரண்ட் போன நேரத்திலிருந்து போட்டால் எல்லாமே 2 மணி 11 நிமிடம். அதைவிட நீண்ட வெட்டு என்றால் தொல்லையே கிடையாது.

ஒரே ஒரு வரி மட்டும் ஒத்துவரவில்லை. போனது காலை 8:00, வந்தது 10:15, ‘உடனே’ என்று எழுதி, அதை அடித்துவிட்டு 12:31 என்று எழுதியிருந்தது. 12:31லிருந்து 2 மணி 11 நிமிடத்தைக் கழித்தால் 10:20. “அக்கா, அன்னைக்கு பத்து இருபதுக்கு என்ன ஆச்சு?” என்றேன். கொஞ்சம் யோசித்தார். “வந்த கரண்ட்டு ஒரு நிமிஷம் கண்ண மூடி முழிச்சுது. ஃப்ரீசர் கத்துச்சு. அத யாரு எழுதுவா?”

அந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. லினக்ஸில் டிசிபி கீப்அலைவ் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு இணைப்பில் நீண்ட நேரம் பேச்சே இல்லையென்றால் மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும். எவ்வளவு நேரம் பேச்சில்லாமல் இருந்தால் தட்டும்? இயல்பான அமைப்பில் 7200 விநாடி. பதில் இல்லையென்றால் 75 விநாடி இடைவெளியில் 9 முறை தட்டும். 7200 உடன் 675ஐக் கூட்டினால் 7875 விநாடி. 2 மணி 11 நிமிடம் 15 விநாடி.

துண்டு போட்ட இடம்

ஊரில் பஸ் ஸ்டாண்டில் பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதே கதைதான். கல்லா முறையாக மூடப்பட்டால், நான் போகிறேன் என்று சொல்லித் துண்டை எடுத்துக்கொண்டு போகும். கரண்ட் பட்டென்று போனால் சொல்ல நேரம் ஏது? ஆள் போய்விட்டான், துண்டு சீட்டில் கிடக்கிறது. சர்வர் நல்ல கண்டக்டர். துண்டு கிடந்தால் ஆள் வருவான் என்று 2 மணி 11 நிமிடம் காத்திருக்கிறது. 12 கல்லாவின் 72 துண்டு, அலுவலகத்தின் 3 ஆள். 97 சீட்டில் மிச்சம் 22. கரண்ட் வந்ததும் முதல் மூன்று கல்லா 18ஐ எடுத்துக்கொள்ளும், நாலாவது மிச்சம் 4ஐ எடுத்துக்கொண்டு நொண்டும், ஐந்தாவதுக்கு இடம் இல்லை. அந்தப் பையன் பவர் பட்டனை அழுத்திப் பிடித்ததில், உட்கார்ந்திருந்த 22 பேரும் துண்டாக மாறிவிட்டார்கள்.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம், எனக்கும் வந்தது. கரண்ட் வந்து கல்லா மறுபடி ஆன் ஆன பிறகு அதே முகவரிக்கு சர்வர் தட்டினால், அப்படி ஒரு இணைப்பு என்னிடம் இல்லையே என்று கல்லா பதில் சொல்ல வேண்டும். உடனே சர்வர் அதை மூடிவிட வேண்டும். ஏன் ஒன்பது தட்டும் முடியும் வரை காத்திருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை மூடிய பின் சோதித்துப் பார்த்தேன். ஒரு கல்லாவின் பிளக்கைப் பிடுங்கினேன். சர்வரில் அதன் 6 இணைப்பும் எதுவும் நடக்காதது போல் ‘ஐடில்’ (சும்மா இருக்கிறது) என்று நின்றன. இணைப்புகளின் டைமரைக் காட்டும் கட்டளையைப் போட்டால் கீப்அலைவ் 119 நிமிடம் என்றது, அப்புறம் 118. முதலாளியின் அம்மா பீன்ஸ் பன்னி ஒன்று வாங்கி அனுப்பினார். ரொட்டியைக் குடைந்து உள்ளே பீன்ஸ் கறியை ஊற்றியது. அதைச் சாப்பிட்டுக்கொண்டு எண்கள் இறங்குவதைப் பார்த்தேன். 2 மணி 11 நிமிடத்தில் ஆறும் வரிசையாக மறைந்தன.

அடுத்த சுற்றுக்கு அத்தனை நேரம் உட்கார மனமில்லை. காத்திருப்பை 5 நிமிடமாகக் குறைத்து, பிளக்கைப் பிடுங்கி உடனே செருகி, கல்லாவை ஆன் செய்தேன். சர்வர் தட்டியது, கல்லா உயிரோடு இருந்தும் வாயைத் திறக்கவில்லை. விண்டோஸ் ஃபயர்வாலின் வேலை அது: தனக்குச் சம்பந்தமில்லாத பாக்கெட் வந்தால் பதிலே சொல்லாமல் விழுங்கிவிடும். ஃபயர்வாலை நிறுத்திவிட்டுத் திரும்பச் செய்தேன். முதல் தட்டுக்கே கல்லா பதில் கொடுத்தது, ஆறு துண்டும் ஒரே நொடியில் காணாமல் போயின. அப்புறம் ஃபயர்வாலை மறுபடி போட்டுவிட்டேன், அதை அணைத்து வைப்பது தீர்வே இல்லை.

சர்வர் பதில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் கதை வேறு. அனுப்பியதற்கு ஒப்புதல் வராததால் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, சுமார் கால் மணி நேரத்தில் லினக்ஸ் கைவிட்டுவிடும். பேசிக்கொண்டிருந்த இணைப்பு சீக்கிரம் போகிறது, வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் 2 மணி நேரம் நிற்கிறது.

சுகர் பீன்ஸ்

இதே நோயின் இன்னொரு முகம் இருந்தது. கரண்ட் வந்த பின் திறந்த கல்லாக்களிலும் சில நாள் ஏதோ ஒரு சரக்கை ஸ்கேன் செய்தால் மட்டும் திரை உறைந்துவிடும். ஒரு நாள் அது சுகர் பீன்ஸ் 1 கிலோ பாக்கெட். பார்கோடு சரியில்லை என்று புது ஸ்டிக்கர்கூட ஒட்டிப் பார்த்தார்கள்.

இந்த மென்பொருள் சரக்கை ஸ்கேன் செய்ததுமே இருப்பில் கழித்துவிடும், காசு வாங்கிய பிறகுதான் அந்தப் பரிவர்த்தனையை முடிக்கும். இரண்டுக்கும் நடுவில் கரண்ட் போனால், டேட்டாபேஸில் அந்தச் சரக்கின் பதிவு பூட்டியபடியே நிற்கும். பூட்டின் சாவி ஆளில்லாத துண்டின் மடியில். இப்படி ஒரு வடிவமைப்பை யார் யோசித்தார்களோ, வாடிக்கையாளர் பர்ஸைத் தேடும் நேரமெல்லாம் டேட்டாபேஸ் பூட்டு திறந்திருக்காது. சர்வரின் நடவடிக்கைப் பட்டியலில் ‘ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்’ (பரிவர்த்தனையின் பாதியில் சும்மா இருக்கிறது) என்று ஒரு வரி, கடைசி அசைவு கரண்ட் போவதற்குச் சில விநாடி முன்னால். அந்த ஒன்றைக் கொன்றதும் சுகர் பீன்ஸ் ஓடியது.

வைத்தியம்

மென்பொருள் தந்தவர்களிடம் சொன்னபோது, இணைப்பு வரம்பை 100லிருந்து 200 ஆக்குங்கள் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது, ஒரு வெட்டுக்குப் போதும். ஆனால் கரண்ட் இரண்டு முறை கண்ணை மூடித் திறந்தால் 72ம் 72ம் துண்டு, அதற்கு மேல் புதிதாக 72 ஆள், அலுவலகம் 3. மொத்தம் 219. 200ம் பத்தாது. தவிர போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்பும் தனி பிராசஸ், அந்தச் சின்ன சர்வரில் ஆளில்லாத இருக்கைக்கெல்லாம் நினைவகம் கொடுப்பானேன்? வரம்பை நான் தொடவில்லை.

போஸ்ட்கிரெஸின் அமைப்புக் கோப்பிலேயே கீப்அலைவை மாற்றலாம், லினக்ஸ் முழுவதற்கும் மாற்ற வேண்டியதில்லை. 60 விநாடி பேச்சில்லை என்றால் தட்டு, 10 விநாடிக்கு ஒரு முறை, 6 தட்டு. மொத்தம் 2 நிமிடம். கல்லா ஆன் ஆகி மென்பொருள் திறக்கவே அந்த அளவு நேரம் ஆகும். சர்வரை நிறுத்தத் தேவையில்லை, அமைப்பை மறுபடி படிக்கச் சொன்னால் போதும், புது இணைப்புகளுக்கு அமலாகிவிடும். பரிவர்த்தனையைப் பாதியில் விட்டுச் சும்மா இருக்கும் இணைப்பை 5 நிமிடத்தில் வெட்டச் சொல்லும் அமைப்பையும் போட்டேன். அது போஸ்ட்கிரெஸ் 9.6லிருந்தே இருக்கிறது. கல்லாவுக்கு 6 இணைப்பு என்பதை 2 ஆகக் குறைத்தேன். ஒரு கல்லா, ஒரு ஆள், ஆறு எதற்கு என்று கேட்டதற்கு மென்பொருள்காரர்களிடம் பதில் இல்லை. லாக் எழுதும் நேரத்தை உள்ளூர் நேரமாக மாற்றினேன், அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

‘சர்வர் கிடைக்கவில்லை’ என்ற செய்தியை மட்டும் மாற்ற முடியவில்லை. சர்வர் கிடைத்தது, கதவைத் திறந்து, இடமில்லை என்று தெளிவாகச் சொன்னது. மென்பொருள் அதை மென்று விழுங்கிவிட்டுத் தன் சொந்த வசனத்தைப் பேசியது. சர்வர் சொன்னதை அப்படியே காட்டியிருந்தால் நான் சுவிட்ச் வாங்கக் கடைக்குப் போயிருக்க மாட்டேன். மூன்று முறை எழுதிக் கேட்டேன், அடுத்த பதிப்பில் பார்க்கிறோம் என்கிறார்கள்.

மாற்றிய பிறகு முதல் சோதனை தானாகவே வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை 20 நிமிட வெட்டு. பழைய கணக்குப்படி இது மிக மோசமான வகை. நான் பின் அறையில் இணைப்புப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கரண்ட் போனபோது 27 இருந்தது. இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் 3, அலுவலக லேப்டாப் மட்டும். கரண்ட் வந்ததும் 12 கல்லாவும் திறந்தன. அக்கா வழக்கம்போல மூணாம் நம்பரைத்தான் முதலில் போட்டார்.

2024 மார்ச் கடைசியில் லோட் ஷெட்டிங் நின்று, பத்து மாதம் வரவே இல்லை. 2025 ஜனவரிக் கடைசியில் மறுபடி எட்டிப் பார்த்தது. அந்த வாரம் கடைக்குப் போனபோது நோட்டைப் புரட்டினேன். போனது, வந்தது என்ற இரண்டு கோட்டிலும் நேரம் எழுதியிருந்தது. கம்ப்யூட்டர் என்ற கோட்டில் மேலே ஒரு முறை ‘உடனே’, அதற்குக் கீழே வரிசையாக இரண்டிரண்டு புள்ளி.